பையோடு போய்ப் பையோடு திரும்பிய சுற்றறிக்கை: மிதிவண்டிப் பாதுகாப்பு குறித்த ஒரு பள்ளி நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

பிசானப் பருவத்து நெல் அறுவடை முடியும் தறுவாயில், மாசி மாதத்து மாலை ஒன்றில், திருநெல்வேலிப் பக்கம் கன்னடியன் கால்வாய் பாயும் வட்டாரத்திலுள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றின் பதினோராம் வகுப்பு மாணவன், அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில், எட்டாம் வகுப்பில் படிக்கும் தங்கையைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். சிறப்பு வகுப்பு முடிந்து அவன் பள்ளி வாசலைத் தாண்டியபோது மணி ஆறரை. தங்கை அதுவரை அவனுக்காகத் தாழ்வாரத்தில் காத்திருந்தாள். கால்வாய்க் கரைச் சாலையின் ஒரு பாதியில் அன்று பகல் முழுவதும் நெல் காய்ந்திருந்தது. வண்டிகள் ஏறிவிடாமல் இருக்க நெல்லைச் சுற்றி வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளி மூட்டை கட்டியவர்கள் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எதிரே வந்த மோட்டார் சைக்கிளின் வெளிச்சம் கண்ணில் அடித்ததும் மாணவன் இடப்பக்கம் ஒதுங்கினான். முன்சக்கரம் கல்லில் ஏறிச் சரிந்தது. தங்கைக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அவனுடைய தலை மதகின் சிமெண்டு விளிம்பில் மோதியது. 108 ஆம்புலன்ஸில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவன், தேர்வுக் காலத்தில் பல வாரங்கள் படுக்கையில் கிடந்து, பிழைத்து எழுந்தான்.

அடுத்த நாள் தலைமையாசிரியர் அறையில் முதலில் தேடி எடுக்கப்பட்டது சுற்றறிக்கைக் கோப்பு. ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் தலைக்கவசம் பற்றிய வரி இருந்தது. அதன் அடியில் கிழித்தனுப்பிய துண்டுச் சீட்டில் அந்த மாணவனின் தாயாருடைய கையெழுத்தும் இருந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்ததை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தில் வளைந்திருந்த 'ல'கரத்தை நான் எட்டு மாதமாகத் தமிழ்த் தாளில் திருத்திக்கொண்டிருந்தேன். அது அவனே போட்ட கையெழுத்து. சுற்றறிக்கையை எழுதியவனும் நான்தான் என்பதால், இந்த ஆய்வை வெளியாள் ஒருவர் எழுதுவதைப் போல விலகி நின்று எழுத என்னால் இயலாது.

சுற்றறிக்கை சென்ற வழி

அந்த ஒற்றைத் தாளில் பதினான்கு செய்திகள் இருந்தன. கட்டண நிலுவை, சீருடை, முடிதிருத்தம், கைபேசித் தடை என்று போகும் வரிசையில் ஒன்பதாவதாக இது இருந்தது: "மாணவர்கள் இருசக்கர வாகனங்களில் வரும்போது தலைக்கவசம் அணிதல், போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுதல் ஆகியவற்றைப் பெற்றோர் உறுதி செய்தல் வேண்டும். மீறி நடைபெறும் அசம்பாவிதங்களுக்குப் பள்ளி நிர்வாகம் பொறுப்பாகாது."

எழுதும்போது இது குறையற்ற வாசகமாகவே எனக்குத் தோன்றியது. விபத்துக்குப் பிறகு வகுப்பாசிரியர்கள் நால்வர் ஊர் ஊராகப் போய், எந்த வீட்டில் இதை யார் படித்தார்கள் என்று கேட்டு வந்தபோதுதான், இதில் ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லும் வேறு பொருளில் போய்ச் சேர்ந்திருந்தது தெரிந்தது. எங்கள் ஊர்களில் 'இருசக்கர வாகனம்' என்றால் கியர் போட்டு ஓட்டும் பைக். மிதிவண்டி அதில் சேராது, அது சைக்கிள். அதைவிட வியப்பு, டிவிஎஸ் எக்செல்லும் அதில் சேராது. உரமூட்டை ஏற்றவும், புல்லுக்கட்டு கொண்டுவரவும், பிள்ளைகளை இறக்கிவிடவும் பயன்படும் அந்த வண்டி, மாட்டுவண்டியின் இடத்தை நிரப்ப வந்த ஒன்றாகவே மக்கள் மனத்தில் நிற்கிறது. "எக்செல்லெல்லாம் ஒரு வண்டியா சார், அத யாரு வேணும்னாலும் ஓட்டலாம்லா?" என்று ஒரு தகப்பனார் கேட்டதில் கிண்டல் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் அவர் நினைத்திருந்தார். பதினாறு வயதில் கியரில்லாத வண்டி ஓட்டலாம் என்று யாரோ சொன்னது அவர் நினைவில் இருந்தது. சட்டம் அதை 50 சி.சி.க்கு மிகாத மோட்டார் சைக்கிளுக்குத்தான் அனுமதிக்கிறது. எக்செல் 100 வண்டியின் எஞ்சின் 99.7 சி.சி. பதினெட்டு வயது நிரம்பாத எந்தப் பிள்ளையும் அதை ஓட்ட உரிமம் பெற முடியாது.

'தலைக்கவசம்' என்ற சொல்லும் போலீஸ்காரரோடு ஒட்டிய சொல். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மறித்தால் போட வேண்டியது, முக்கூடல் சந்தைக்குப் போக வேண்டாதது. பள்ளிக்கூடம் ஏன் இதைச் சொல்கிறது என்று பலருக்குப் புரியவே இல்லை. விபத்தில் சிக்கிய மாணவனின் ஆச்சி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அவன் என்ன மெயின் ரோட்டுலயா போறான், வாய்க்கா ரோட்டுலதான போறான்." கால்வாய்ச் சாலையில் லாரி வராது, பஸ் வராது, ஆகவே ஆபத்தும் வராது என்பது அந்தக் கணக்கு. வண்டியே மோதாமல், நின்ற இடத்தில் சரிந்து விழுந்தாலும் ஐந்தடி உயரத்திலிருந்து தலை தரையில் மோதும் என்பதை எங்கள் சுற்றறிக்கை எங்கும் சொல்லவில்லை.

கடைசி வரியாகிய 'பொறுப்பாகாது' என்பது மட்டும் எல்லோருக்கும் சரியாகப் புரிந்திருந்தது. அது பள்ளி தன்னைக் காத்துக்கொள்ள எழுதிய தாள் என்று மக்கள் எடுத்த முடிவைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

தாள் யார் கைக்குப் போனது என்பது அடுத்த கேள்வி. பை வழியாக வீட்டுக்குப் போகும் தாள், பையைத் திறப்பவர் கையில்தான் சேரும். எங்கள் வீடுகளில் பையைத் திறப்பவன் மாணவனே. தாய்மார்களில் பெரும்பாலோர் பீடி சுற்றுகிறார்கள். மாலையில் பள்ளி விட்டுப் பிள்ளை வரும் நேரம், சுற்றி முடித்த பீடியைக் கட்டிக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும் நேரம். பீடித் தட்டு மடியிலிருந்து இறங்கும் வரை எந்தத் தாளும் அவர்கள் கண்ணில் படாது. தகப்பன்மார் பலர் திருப்பூரிலோ கேரளத்திலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் சேர்த்திருந்த எண் பெரும்பாலும் அவர்களுடையது என்பதால், சாலைப் பாதுகாப்புச் செய்தியைத் துபாயில் இருந்த தகப்பனார் படித்துக் கட்டைவிரல் உயர்த்தினார். மிதிவண்டியைத் திண்ணையிலிருந்து இறக்கிக் கொடுத்த ஆச்சிக்கு அது தெரியவே தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்து, மின்சாரமும் கைபேசிச் சைகையும் போன நாட்களில் அந்தக் குழு எதற்கும் உதவவில்லை என்பதையும், கோயிலிலும் பள்ளிவாசலிலும் இருந்த ஒலிபெருக்கிதான் செய்தி சொன்னது என்பதையும் பார்த்திருந்தும், வெள்ளம் வடிந்ததும் நாங்கள் மறுபடி குழுவையே நம்பினோம்.

மாற்றி எழுதியது

பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் இதைப் பேசியபோது, முதலில் எழுந்த யோசனை, சுற்றறிக்கையை இன்னும் கடுமையாக எழுதி, பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்பது. குழுவில் இருந்த ஒரு தாயார், ஒரு நாள் வந்து போனால் அன்றைய ஆயிரம் பீடி போய்விடும், அதற்குக் கூலி பள்ளிக்கூடம் தருமா என்று கேட்டதும் அந்த யோசனை அங்கேயே நின்றுபோனது.

பிறகு எடுத்த முடிவு எளியது: ஒரு தாளுக்கு ஒரு செய்தி, அதுவும் அந்தச் செய்தி வேண்டியிருக்கும் பருவத்தில். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஹெல்மெட், நெல், மழை, இருட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டால், மாசியில் கல் கிடக்கும்போது யாருக்கு நினைவிருக்கும்? ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று காலையில் எதிரே அடிக்கும்போது, மிதிக்க மாட்டாமல் பையன்கள் டிராக்டர் டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு இழுபட்டு வருவதைப் பற்றி ஒரு தாள். ஐப்பசி கார்த்திகையில் பிரேக் கட்டை நனைந்தால் வண்டி நிற்க நேரமாகும், பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் இறங்கித் தள்ளவும் கூடாது, திரும்பிவிட வேண்டும் என்று ஒரு தாள். மாசி பங்குனிக்கு நெல்லும் கல்லும்.

இந்தக் கடைசித் தாள்தான் எழுதக் கடினமாக இருந்தது. ஏனெனில் அதைப் படிக்க வேண்டிய பெற்றோரே சாலையில் நெல் காயப்போடுகிறவர்கள். அவர்களைக் குற்றவாளியாக்கி எழுதினால் தாள் அடுப்புக்குப் போகும். அவர்கள் ஏன் சாலைக்கு வருகிறார்கள் என்பதும் நியாயமான கதை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். கையால் அறுத்த காலத்தில் வயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுபட்டன, களத்துக்கு முறை வைத்துப் போக முடிந்தது. இப்போது இயந்திரம் வந்து ஊரையே நான்கு நாளில் அறுத்துவிட்டுப் போகிறது, ஈர நெல் ஒரே சமயத்தில் குவிகிறது, ஊருக்கு இருப்பது ஓர் உலர்களம். தார்ச்சாலையின் சூட்டில் இரண்டு வெயிலில் காய்ந்துவிடும் நெல்லைச் சாலையில் போடாதே என்று சொல்ல ஒரு பள்ளிக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆகவே தாளில் நெல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இப்படித்தான் எழுதினோம்:

"நெல்லை அள்ளும்போது கல்லையும் அள்ளிவிடுங்கள். நம் பிள்ளைகள் இருட்டிய பிறகு இந்த வழியாகத்தான் சைக்கிளில் வருகிறார்கள். கல்லுக்குப் பதில் வெள்ளைச் சாக்கைச் சுருட்டி வைத்தால் வெளிச்சத்தில் தெரியும், ஏறினாலும் விழ மாட்டார்கள். நெல் கிடக்கும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வரும்படி பிள்ளைகளிடம் நாங்கள் சொல்கிறோம், நீங்களும் சொல்லுங்கள்."

இதைப் பையில் கொடுத்தனுப்பியதோடு நிற்காமல், ஊராட்சி அலுவலகத்திலும், உலர்களத்துச் சுவரிலும், பீடிக் கடைகளிலும் பெரிய எழுத்தில் ஒட்டினோம். பீடிக் கடையில் தாய்மார்கள் வரிசையில் நிற்கும் அரைமணி நேரத்தில் ஒருத்தி சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். படிக்கத் தெரியாதவரும் அங்கே செய்தியைப் பெற்றுக்கொள்கிறார்.

துண்டுச் சீட்டையும் மாற்றினோம். 'படித்து அறிந்துகொண்டேன்' என்ற கையெழுத்துக்குப் பதிலாக ஒரே கேள்வி: "உங்கள் பிள்ளை வரும் வழியில் உங்களுக்குப் பயமாக இருக்கும் இடம் எது?" பிள்ளையே பதிலை எழுதலாம், சொல்பவர் வீட்டுப் பெரியவராக இருக்க வேண்டும். கையெழுத்தைப் போலச் செய்துவிடலாம். ஆச்சியின் பயத்தைக் கற்பனையாக எழுத எந்தப் பையனுக்கும் பொறுமை இருப்பதில்லை. கைப்பிடிச் சுவர் இடிந்த மதகு, மதுக்கடைத் திருப்பம், செங்கல் லாரி திரும்பும் முக்கு, இருட்டினால் துரத்தும் நாய்கள் உள்ள தெரு என்று வந்த பதில்களை எல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்தபோது, ஆசிரியர்களாகிய எங்களில் பாதிப்பேர் அந்த இடங்களைப் பார்த்ததே இல்லை என்பது வெளிப்பட்டது. நாங்கள் மோட்டார் சைக்கிளில் பெரிய சாலை வழியே வந்து போகிறவர்கள். மதகுச் சுவரைக் கட்டித்தரக் கோரி ஊராட்சிக்கு அனுப்பிய மனுவோடு அந்த வரைபடத்தையும் இணைத்தோம். பள்ளியின் பங்கும் அதில் தெரிந்தது: இருட்டில்தான் பயம் என்று எழுதியவர்கள் மிகப் பலர், அந்த இருட்டுக்கு அவர்களை அனுப்பியது எங்கள் சிறப்பு வகுப்பு. இப்போது அது காலைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. டவுண் பஸ்ஸில் வரும் மாணவர்களுக்கு அது சிரமமாகத்தான் இருக்கிறது.

ஹெல்மெட்

ஹெல்மெட் பற்றிய தாளை எழுத உட்கார்ந்தபோது, முதலில் உண்மையை எழுதுவது என்று தீர்மானித்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, மோட்டார் சைக்கிளில் செல்லும் நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், பின்னால் உட்கார்ந்திருப்பவரும்கூட, தரச்சான்று பெற்ற ஹெல்மெட் அணிய வேண்டும் என்கிறது. மீறினால் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் அபராதம் 1,000 ரூபாய். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கும் 2023 பிப்ரவரி 15 முதல் ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆனால் மிதிவண்டிக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. பழைய சுற்றறிக்கை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்ததால், சைக்கிளுக்கு எந்தப் போலீஸ்காரர் மறிக்கிறார் என்று கேட்டுப் பையன்கள் மொத்தத்தையும் தள்ளிவிட்டிருந்தார்கள். புதிய தாள், "சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டம் கேட்கவில்லை, நாங்கள் கேட்கிறோம்" என்று தொடங்கி, அடிபட்ட மாணவனின் பெயரைச் சொல்லாமல், மதகைச் சொன்னது. எந்த மதகு என்று ஊருக்கே தெரியும்.

எக்செல்லுக்குத் தனித் தாள். அதில் 'இருசக்கர வாகனம்' என்ற சொல்லே கிடையாது. 'எக்செல், ஸ்கூட்டி, பைக்' என்று பெயர் சொல்லியே எழுதினோம். பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் தண்டனை பிள்ளையோடு நிற்காது என்பதே அதன் மையச் செய்தி: 2019 திருத்தத்தில் வந்த 199அ பிரிவின்படி, பிள்ளையின் பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார், மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும், பையனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. தனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் பெரியவருடையதே. சித்தப்பாவின் வண்டி, மாமாவின் வண்டி என்று சாவி கைமாறும் வீடுகளில், வண்டி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருக்குத் தாளைக் காட்டும்படி கேட்டிருந்தோம். பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது என்ற வரிதான், அபராதத்தைவிட அதிகம் பேசப்பட்டது. எங்கள் பக்கத்தில் ஓட்டுநர் வேலை என்பது வளைகுடாவுக்குப் போகும் கதவு.

மிதிவண்டி ஹெல்மெட்டை எங்கே வாங்குவது, எப்படிப் போடுவது என்ற இடத்தில்தான் தாளால் மட்டும் ஆகாது என்று தெரிந்தது. ஒருவர் கட்டட வேலையில் போடும் மஞ்சள் தொப்பியை மகனுக்குக் கொடுத்தனுப்பினார். மேலிருந்து விழும் பொருளைத் தடுக்கச் செய்தது அது, கீழே விழும் தலைக்குத் தாடைப்பட்டை இல்லாமல் முதலில் கழன்றோடுவதும் அதுவே. இன்னொருவன் அண்ணனின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டு வந்து, நான்கு கிலோமீட்டர் மிதித்ததில் வியர்த்து வழிந்து, பின்னால் வரும் ஒலி சரியாகக் கேட்காமல், மறுநாள் விட்டுவிட்டான். மோட்டார் சைக்கிளுக்கு வாங்குவதானால் ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் அது இல்லாததை விற்பதே தவறு. சைக்கிள் ஹெல்மெட் எடை குறைந்தது, காற்றுத் துளை உள்ளது, அது எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது, திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். ஆகவே ஒரு சனிக்கிழமை, பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சைக்கிள் கடைக்காரரைப் பள்ளிக்கு அழைத்து, பிள்ளைகளின் தலையளவை எடுக்கச் செய்தோம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், காதுக்குக் கீழே பட்டைகள் கூடும் இடம், தாடைக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் போகும் இறுக்கம் என்று அவர் ஒவ்வொரு தலையிலும் தொட்டுக் காட்டியது, நான் எழுதிய எந்தத் தாளையும்விட நன்றாக நினைவில் நின்றது. உள்ளே தெர்மாகோல் போலிருக்கும் நுரை தான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது, ஆகவே ஒருமுறை மோதிய ஹெல்மெட் வெளியே பளபளவென்றிருந்தாலும் பயன்படாது என்பதை, பழையதொன்றை அறுத்துக் காட்டினார். அதே நாளில் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர், அரசு கொடுத்த மிதிவண்டிகளின் பிரேக் கட்டையையும் ஹேண்டில் நட்டையும் இறுக்கி, குட்டையான பிள்ளைகளின் சீட்டை இறக்கிக் கொடுத்தார்.

எதிர்பாராத தடை பெண்பிள்ளைகளிடம் வந்தது. இரட்டைச் சடை பின்னி, மடித்து, காதுக்கு மேலே ரிப்பன் கட்ட வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் விதி; அந்த மடிப்பின் மேல் எந்த ஹெல்மெட்டும் உட்காராது. ஹெல்மெட் போடு என்று ஒரு தாளிலும், போட முடியாத சடையைப் பின்னு என்று இன்னொரு தாளிலும் நாங்களே எழுதியிருந்தோம். சடையைக் கழுத்துக்குக் கீழே தாழப் பின்னலாம் என்று விதியைத் தளர்த்த, ஆசிரியர் கூட்டத்தில் ஹெல்மெட்டை ஏற்கவைக்க ஆனதைவிட அதிக நேரம் ஆனது. வைக்க இடமும் வேண்டியிருந்தது. வகுப்பில் மேசைக்கடியில் வைத்தால் கால் பட்டு உடைகிறது, சைக்கிளில் மாட்டினால் காணாமல் போகிறது. சைக்கிள் கொட்டகையில் கம்பி இழுத்து, எண்ணிட்ட கொக்கிகள் மாட்டிய பிறகே, கொண்டுவருபவர் எண்ணிக்கை கூடியது.

இன்றைய நிலை

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், ஓரளவு தொடர்ந்து அணிகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் பள்ளி வாசலில் போட்டு, பேருந்து நிறுத்தம் தாண்டியதும் கழற்றி ஹேண்டிலில் மாட்டுகிறார்கள். இதற்கு எழுத எனக்கு எந்தத் தாளும் தோன்றவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே சைக்கிளில் வந்தால் வாங்கியது ஒன்றுதான், அது மிதிப்பவன் தலையில் இருக்கிறது. விலையும் ஒரு பங்கு: ஹெல்மெட்டுக்கான பணத்தைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் பாதி தரலாம் என்ற தீர்மானம் இன்னும் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. எக்செல்லில் வரும் மாணவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்று சொல்வேன். அவர்களில் சிலர் வண்டியைப் பள்ளிக்கு முந்தைய தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையோரம் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கல் விஷயம் மட்டும் நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. அடுத்த அறுவடையில் கால்வாய்ச் சாலையில் பல இடங்களில் கல்லுக்குப் பதில் சாக்குச் சுருள் கிடந்தது. கல் வைத்தவர்களிலும் சிலர் அதன்மேல் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். யாரும் எங்களிடம் வந்து தாளைப் படித்தோம் என்று சொல்லவில்லை, துண்டுச் சீட்டும் கேட்கவில்லை.

விழுந்த மாணவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் சரியாக வளரவில்லை என்பதால் ஹெல்மெட்டைக் கழற்றத் தயங்குகிறான் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். கேரியரில் உட்கார்ந்து வரும் தங்கைக்கு இரண்டாவது ஹெல்மெட் வாங்கத் தாயார் பீடிக் கூலியில் பணம் எடுத்து வைத்திருக்கிறார். அவளுடைய சடைக்குத் தகுந்த அளவு கிடைக்காமல், கடைக்காரர் அடுத்த சனிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.